காசிலிங்கம் வீட்டுப் பள்ளிக்கூடம்

"பையக் கழட்டு," என்றார் காசிலிங்கம்.

ஐஸ்வர்யா ஒரு காலில் ஷூவும் மறுகாலில் வெறும் சாக்ஸுமாக நின்றாள். மணி எட்டேகால். ஒரு சடையில் ரிப்பன் கட்டியாயிற்று. மற்ற ரிப்பன் அவள் அம்மா முத்துச்செல்வியின் பல்லிடுக்கில் இருந்தது.

மகளின் தோளிலிருந்து பையை உருவி, இரும்பு பீரோவுக்குள் பட்டுச்சேலைகளுக்கு அடியில் திணித்துப் பூட்டினார் காசிலிங்கம். சாவியை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கடைசியில் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

"இன்னைக்கு முதக்கொண்டு பள்ளிக்கூடம் கெடையாது. படிப்பு வீட்டுலதான்."

முத்துச்செல்வி ரிப்பனை வாயிலிருந்து எடுத்தாள். "பத்தாப்புங்க. பப்ளிக் பரிச்ச இருக்கு."

"வீட்டுல இருந்து படிச்சா பரிச்ச ஓடியா போயிரும்?"

ஐஸ்வர்யா அழவில்லை. ஷூ போட்ட காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அதைக் கழற்றுவதா மற்றதைப் போடுவதா என்று தெரியாமல்.

குற்றம் அவளுடையது இல்லை. ஃபிளெக்ஸ் அடித்தவனுடையது. காலாண்டுப் பரீட்சையில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களின் படத்தைப் பள்ளிக்கூடத்து மதில் சுவரில் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். முதலிடம் ஐஸ்வர்யா. ஒரு மார்க் குறைவாக மாரிச்செல்வம். ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்கு ஆவணிக் கல்யாண வேலை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. புதிதாக டிசைன் போடச் சோம்பல்பட்டு, கல்யாணத்துக்குச் செய்து வைத்திருந்ததில் பேரை மட்டும் மாற்றிவிட்டான். இரண்டு வட்டம், வட்டத்தைச் சுற்றி ரோஜா, மேலே மயில், ஓரத்தில் குத்துவிளக்கு.

மாரிச்செல்வத்தின் அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவள். வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அந்தத் தெருவில் காசிலிங்கத்தின் சொந்தபந்தம் யாரும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அங்கே உள்ளவர்கள் வாரிக் கொடுத்த உப்பைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுவதில் மட்டும் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை.

காசிலிங்கத்தின் அக்காள் சீனித்தாய் மினிபஸ்ஸில் போகும்போது ஃபிளெக்ஸைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்து இன்னொரு தடவை பார்த்தாள். அங்கிருந்து நேரே மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருந்த தம்பியின் கயிற்றுக்கடைக்குப் போனாள்.

"ஏலே தம்பி, ஒம் மவளும் அந்தத் தெருப் பயலும் சோடியா நிக்காவ. பேருக்கு முன்னால செல்வி, செல்வன்னு வேற போட்டிருக்கு. தேதியும் மண்டபமுந்தான் போடல."

கடையில் கயிறு வாங்க வந்திருந்த தருவைகுளத்துப் படகுக்காரர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பிள்ளையின் படிப்பு முடிந்தது அந்தச் சிரிப்பில்தான்.

ஆனால் பிள்ளையை நிறுத்திவிட்டேன் என்று இந்தக் காலத்தில் வெளியே சொல்ல முடியாது. சாதிச் சங்கத்தில் வருசா வருசம் பெண்கல்விப் பரிசு கொடுக்கிறார்கள். மேடையில் காசிலிங்கமும் இருப்பார். முந்தைய தலைமுறைக்காரன் நிறுத்தினால், ஆமாம், நிறுத்தினேன் என்று ஒப்புக்கொள்ளும் முரட்டுத்தனமாவது அவனிடம் இருந்தது. இவருக்கு மரியாதையான ஒரு பேர் தேவைப்பட்டது. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் விஜயராஜ் அதைப் போனிலேயே கொடுத்தான். அவன் மகன் பள்ளிக்கூடமே போவதில்லையாம். ஹோம் ஸ்கூலிங். என்ன பாடம், எப்படி நடத்துவது எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதாம்.

பையைப் பூட்டிய அன்று சாயங்காலமே பிரவுசிங் சென்டரில் நூற்றிநாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்து, சுருள்கம்பி போட்டுக் கொண்டுவந்தார். அட்டையில் ஒரு வெள்ளைக்காரத் தாயும் மகளும் புல்தரையில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு வாரத்துக்குப் பிளான். பத்தாப்புக்குன்னே தேடி எடுத்தது," என்றார். "ஏளா, இதுல என்ன போட்டிருக்கோ அத அப்படியே செய்யணும். ஒரு எழுத்து விடப்படாது. எவனாவது வந்து கேட்டா பிளான்படி நடக்குன்னு சொல்லணும்."

"ஒரு எழுத்து விடாமயா?"

"விடாம."

"சரிங்க," என்றாள் முத்துச்செல்வி.

அவள் ஆறுமுகநேரிக்காரி. உப்பு மூடை சுமந்தவரின் மகள். எட்டாம் வகுப்பில் ஒருநாள் வயசுக்கு வந்தாள். அன்றைக்கே அவள் புத்தகப்பை அடுத்த வீட்டுப் பயலுக்குப் போனது. பத்தொன்பது வருசம் சம்சாரம் பண்ணியதில் ஒன்று தெரிந்து வைத்திருந்தாள். ஆம்பிளை சொல்லை மறுத்தால் வீட்டில் ஒருவாரம் பாத்திரம் பறக்கும். சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்தால் எந்தக் கொம்பனாலும் வாய் திறக்க முடியாது.

பிளான் இங்கிலீஷில் இருந்தது. போனைக் காகிதத்துக்கு மேலே பிடித்தால் எழுத்தெல்லாம் தமிழாக மாறும் வித்தையை ஐஸ்வர்யா சொல்லிக் கொடுத்தாள். பூட்டிக் கிடந்த பாடப்புத்தகங்களும் அதே போனில் கிடைத்தன. காலையில் தாயும் மகளும் அவற்றைப் படித்தார்கள். பத்து மணிக்கு மேல் பிளான்.

முதல் வாரம், "குளிருக்கேற்ற கையுறை அணிந்து தோட்டத்துக்குச் சென்று பல நிற இலைகளைச் சேகரிக்கவும்" என்றிருந்தது. ஐப்பசி பிறந்தும் தூத்துக்குடியில் மழையைக் காணோம். தார் ரோடு இளகிக் கிடந்தது. கடையிலிருந்து கயிறு இழுக்கும் ரப்பர் கையுறை இரண்டு சோடி எடுத்துவந்து மாட்டிக்கொண்டு இருவரும் கொல்லைக்குப் போனார்கள். கொல்லையில் இருந்தது ஒரே ஒரு உடைமரம். அதில் இலையைவிட முள் அதிகம்.

"பல நிறம்னு போட்டிருக்கும்மா."

"பச்ச, காஞ்ச பச்ச. ரெண்டாச்சுல்லா. எழுதிக்க."

இரண்டாம் வாரம் கணக்கு. "வெளியே சென்று, உங்கள் பகுதியில் உள்ள உயரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நிழலைக் கொண்டு உயரத்தைக் கண்டுபிடிக்கவும்." அந்தத் தெருவில் உயரமானது சங்கத்து நுழைவாயில்தான். ஐம்பது அடி உயரம் என்று அதன் தூணிலேயே கல்வெட்டு இருந்தது. காலை ஒன்பதரைக்கு, தெருவே கடை திறக்கும் நேரத்தில், தாயும் மகளும் கடைக்கயிறு ஒன்றும் நாலடிக் கம்பு ஒன்றுமாக நடுரோட்டில் இறங்கினார்கள். நுழைவாயிலின் நிழல் முடியும் இடத்தில் ஒரு ஆட்டோவை முத்துச்செல்வி கைகாட்டி நிறுத்தினாள்.

சங்கச் செயலாளர் வீரபாகு தன் பாத்திரக்கடையிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன தாயி, ரோட்டுல கயிறு புடிச்சுக்கிட்டு?"

"பாடம் நடக்கு அண்ணாச்சி. பிளான்ல இருக்கு."

"கம்பு நாலடி, நிழல் மூணடி," என்று நோட்டில் எழுதினாள் ஐஸ்வர்யா. "வாசலுக்கு நிழல் இருபத்தெட்டு அடி. அப்பம் ஒசரம் முப்பத்தேழு அடி நாலு இஞ்ச், பெரியப்பா."

"எதும்மா?"

"சங்கத்து வாசல்."

வீரபாகு கல்வெட்டைப் பார்த்தார். அதில் திறப்பாளராக அவர் பேர்தான் இருந்தது. "நிழல்லாம் சரியாக் காட்டாதும்மா," என்றார்.

"கம்புக்குச் சரியாத்தான் காட்டுது, பெரியப்பா."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஐம்பது அடி வாசலை முப்பத்தேழாக்கிவிட்டாள் கயிற்றுக்கடைக்காரர் மகள். காசிலிங்கம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டார்.

"புள்ளைய வீட்டுக்குள்ள வச்சுப் படிக்க வைன்னா, சங்கத்த அளந்துக்கிட்டு நிக்க."

முத்துச்செல்வி பக்கத்தை விரித்துப் போனை மேலே பிடித்துக் காட்டினாள். காசிலிங்கம் படித்தார். "வெளியே சென்று" என்றுதான் இருந்தது. "இதுக்கு எதுக்கு ஹோம்னு பேரு வச்சிருக்கான்," என்று முனகிக்கொண்டு குளிக்கப் போனார்.

மூன்றாம் வாரம் சமூக அறிவியல். "உங்கள் தெருவில் உள்ளோரை நேர்கண்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தவும்." எதைப் பற்றி என்று பிளான் சொல்லவில்லை. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஐஸ்வர்யா நோட்டின் தலைப்பில் எழுதினாள்: எந்த வகுப்போடு நின்றீர்கள், ஏன்?

முதல் இரண்டு வீட்டில், "எனக்கு என்னட்டி படிப்பு, போ," என்று விரட்டினார்கள். மூன்றாவது வீட்டுக்காரி உமாராணி அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரையே நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். "ஏளா, இத இந்நாள்வர ஒருத்தர் கேக்கலியே," என்று அவள் பேச ஆரம்பித்ததில் மாவு புளித்துவிட்டது. மறுநாள் விரட்டின இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். தங்கள் கதையோடு வீட்டு ஆம்பிளைகளின் கதையையும் சேர்த்தே சொன்னார்கள்.

நாலாம் வாரத்து வியாழக்கிழமை வகுப்பாசிரியை ஜாய் டீச்சர் போனில் கூப்பிட்டார்.

"ஐஸ்வர்யாம்மா, அடுத்த வெள்ளிக்குள்ள பிள்ள வந்தாகணும். பப்ளிக்குக்குப் பேர்ப்பட்டியல் அன்னைக்குத்தான் அனுப்புதோம். வரலன்னா நின்னுபோன கணக்குல எழுதிருவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

முத்துச்செல்வி போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். ஒருநாள் தப்பினால் மகளும் தன்னைப்போல "எட்டாப்பு வர படிச்சேன்" என்கிற மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு எவன் வீட்டிலோ நிற்பாள். சுருள்கம்பிப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஆறாம் வாரம்: "குடும்பத்தினரையும் நலம் விரும்பிகளையும் அழைத்து, மாணவர் தன் பணியை விளக்கும் நாள்." எழுத்து விடக்கூடாது என்றுதான் அவர் சொல்லியிருந்தார். வரிசை மாறக்கூடாது என்று சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம விளக்க நாளுங்க. நாலு பெரிய மனுசங்களக் கூப்பிடணுமாம்."

காசிலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வாசல் விவகாரத்தில் போன மானத்தை மீட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. வீரபாகுவை அவரே போய் அழைத்தார். அக்காளுக்குச் சொன்னார். தெருவில் எல்லா வீட்டுக்கும் சொன்னார். மக்ரூன் இரண்டு டப்பா, உளுந்தவடை, காப்பி. ஐஸ்வர்யா சுவரில் ஒட்டியிருந்த இரண்டு பெரிய அட்டைகளை எட்ட நின்று பார்த்தார். கலர் கலராகக் கட்டம் கட்டமாக இருந்தது. "எடுப்பாத்தான் இருக்கு," என்றார். கிட்டப் போய்ப் படிக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பாயில். "டாக்டர் வீட்டுப் புள்ளையெல்லாம் இப்பம் இப்படித்தான் படிக்கி," என்று சொல்லி வைத்துவிட்டு உட்கார்ந்தார் காசிலிங்கம்.

ஐஸ்வர்யா ஸ்கேலைக் கையில் எடுத்தாள்.

"இது நம்ம தெருவுல படிப்ப நிறுத்துன பொம்பளைங்க. இருபத்தெட்டு பேரு. ஒவ்வொரு கம்பமும் ஒவ்வொருத்தர், அடியில பேரு. எத்தனாங்கிளாஸோ அத்தன கட்டம். செவப்பு, வயசுக்கு வந்ததுனால நிறுத்துனது. பதினாலு பேரு. நீலம், தம்பி தங்கச்சியப் பாத்துக்கிட. ஆறு பேரு. பச்ச, மாமன் பொண்ணு கேட்டு வந்தது. அஞ்சு பேரு. மஞ்ச, பள்ளிக்கூடம் தெருவத் தாண்டி இருந்தது. மூணு பேரு. பெயிலாகி நின்னது ஒருத்தருங்கூட இல்ல."

பாயிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அட்டைக்குப் பக்கத்தில் போனார்கள். எல்லாருக்கும் எழுத்து வாசிக்கத் தெரிந்திருந்தது.

"ஏட்டி ஐசு," என்றாள் சீனித்தாய். "இந்த நீலம் நானா?"

"ஆமா அத்த. எங்கப்பாவப் பாத்துக்கிடன்னு நீங்க சொன்னிய."

"அது சரிதான். அஞ்சு கட்டம் போட்டிருக்க. ஆறுட்டி. ஆறாப்பு முழுப் பரிச்ச எழுதிட்டுத்தான் நின்னேன். கணக்குல தொண்ணூத்தி ஒண்ணு. இன்னொரு கட்டம் போடு."

"நா ஏழு, ஆறர இல்ல," என்றாள் உமாராணி. "அர வருசந்தான படிச்சேன்னு நீயா குறைக்கப்பிடாது."

"நா எட்டாப்புல முத மார்க்கு. அதுக்குக் கட்டம் கெடையாதாட்டி?"

ஆளாளுக்குக் கட்டம் கேட்டார்கள். சீனித்தாய் ஸ்கெட்ச் பேனாவைப் பிடுங்கித் தன் கட்டத்தைத் தானே நிரப்பினாள். கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. நிரப்பிவிட்டு நிமிர்ந்தவள் கண்ணில் ஓரத்தில் தனியாக நின்ற ஒரு கம்பம் பட்டது. ஒன்பதரைக் கட்டம். பேரும் நிறமும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

"இது யாரு?"

"நாந்தான் அத்த."

"கலர் அடிக்கலியே."

"காரணம் எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

சீனித்தாய் பேனாவுக்கு மூடியைத் தேடினாள். மூடி அவள் கையிலேயே இருந்தது.

பேச்சை மாற்ற வேண்டும் என்று வீரபாகுவுக்குத் தோன்றியது. "ஆம்பளைங்க அட்டையச் சொல்லும்மா," என்றார். அது அவர் செய்த தப்பு.

"இதுல ஒரே கலருதான் பெரியப்பா. இருபத்திரண்டு பேரும் பெயிலாகி நின்னவங்க."

ஒரு வடை பாதியில் நின்றது. வீரபாகுவுக்கு எட்டுக் கட்டம். தன்னுடையதைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பக்கத்துக் கம்பத்துக்குப் பார்வையை மாற்றினார்.

"காசி, ஒனக்கு ஒம்பதுன்னுல்லா போட்டிருக்கு. சங்கத்துல பி.காம்னு எழுதிக் குடுத்திருக்க?"

"தப்பாப் போட்டிருக்கும் அண்ணாச்சி," என்றார் காசிலிங்கம்.

"தப்பு இல்லலே," என்றாள் சீனித்தாய், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாந்தான் சொன்னேன். ஒம்பதுல ரெண்டு வருசம் இருந்த. ஒன்னத் தூக்கிச் சொமக்கத்தான என்னைய நிறுத்துனாவ. நீ அதையாவது பாஸ் பண்ணித் தொலைச்சிருக்கலாம்."

வந்தவர்கள் மக்ரூனைக் கையில் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். கடைசி ஆள் படியிறங்கும்வரை காசிலிங்கம் சிரித்த முகமாக நின்றார். கதவைச் சாத்தியதும் முகம் வேறாகிவிட்டது.

"போதும். ஒம் பிளானும் மயிரும்."

"ஓங்க பிளானுங்க," என்றாள் முத்துச்செல்வி. "நடுவுல நிறுத்த முடியாது. பெங்களூருத் தம்பிட்டயும் ஊருலயும் என்னன்னு சொல்லுவிய? அஞ்சாம் வாரம் பாக்கி இருக்கு." பக்கத்தை விரித்து, போனைப் பிடித்து, எழுத்துக்கூட்டாமல் நிதானமாக வாசித்தாள். "சம வயதுக் கற்றல் துணை. மாணவரின் அதே தரத்தில் படிக்கும் ஒருவரை வாரம் மூன்று நாள் வீட்டுக்கு அழைத்து, ஒரே மேசையில் அமர்ந்து படிக்கச் செய்யவும்."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான். ஐசு தரத்துல படிக்கிறவன் இந்த ஊருல ஒருத்தந்தான் இருக்கான். ஒரு மார்க்குதான் வித்தியாசம். நாளைக்குக் காலைல அவங்க அம்மாவ உப்பளத்துல போய்ப் பாத்துக் கேட்டுட்டு வந்துருதேன். வாரப் பயலுக்குக் காப்பி எந்தத் தம்ளர்ல குடுக்கன்னுதான் போடல. அத நீங்க சொல்லுங்க."

காசிலிங்கம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். போனைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் அதேதான் இருந்தது. கூடத்து மேசையைப் பார்த்தார். சங்கத்துக்காரன் எவனாவது உள்ளே வரும்போது அந்தப் பையன் அங்கே உட்கார்ந்திருப்பது மாதிரி நினைத்துப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தளர்த்தி, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. ரொம்ப நேரம் ஆயிற்று.

"பள்ளிக்கூடத்துக்கே போட்டும்," என்றார். "அங்கனயாவது ஆம்பளப்புள்ளைக்கும் பொம்பளப்புள்ளைக்கும் பெஞ்சு தனித்தனி."

மானத்துக்காக நிறுத்திய பிள்ளையை மானத்துக்காகவே அனுப்பினார். அவள் படிக்க வேண்டியவள் என்பது இரண்டு தடவையும் அவருக்கு ஞாபகத்தில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஐஸ்வர்யாவை வகுப்புக்கு அனுப்பிவிட்டு முத்துச்செல்வி பள்ளி அலுவலகத்தில் நின்றாள். கிளார்க் எஸ்றா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"நாலு வாரத்துக்கு மேல லீவு. காரணம் எழுதிக் குடுத்துட்டு, தகப்பனார் கையெழுத்துப் போடணும்."

"அவிய கடையில இருக்காவ. நான் போடுதேன் சார்."

"சரி, போடுங்க. காரணம் மஞ்சக்காமாலன்னு எழுதுங்க. மாதிரி வேணும்னா இந்தா இருக்கு." மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "எல்லாரும் இததான் பாத்து எழுதுவாங்க. இந்த வருசம் மட்டும் பொம்பளப்புள்ளைகளுக்கு ஒம்பது மஞ்சக்காமால வந்துட்டு. பசங்களுக்கு ஒண்ணுகூட வரல. என்ன வியாதியோ."

முத்துச்செல்வி மாதிரியைப் பார்க்கவில்லை. நின்றபடியே குனிந்து, எட்டாம் வகுப்பில் விட்ட கையெழுத்தில் மெதுவாக எழுதினாள்: என் மகளுக்கு ஒரு நோயும் இல்லை. உப்பளத்தில் வேலை செய்பவர் மகனோடு சேர்த்து இவள் படத்தைப் போட்டார்கள் என்பதற்காக வீட்டில் நிறுத்தி வைத்தோம். தப்பு எங்களுடையது.

எஸ்றா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"யம்மா, இது ஃபைல்ல நிக்கும். நாளைக்கு ஆபீசர் வருவாங்க, ஆடிட் வரும், பத்துப் பேரு படிப்பாங்க. நல்லா யோசிச்சுக்கோங்க."

"அதக் கொஞ்சம் தாங்க சார்."

அவர் நிம்மதியாகத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் புதுத்தாள் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

முத்துச்செல்வி புதுத்தாளைத் தொடவில்லை. எழுதினதற்குக் கீழே கணவரின் முழுப்பேர், இனிஷியல், கடைப்பேர், கதவிலக்கம், தெரு எல்லாவற்றையும் எழுதி, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"பத்துப் பேரு படிக்கும்போது, எந்த வீடுன்னு தெரியாமப் போயிரப்பிடாதுல்லா சார்," என்றாள்.